அடைக்கலம் கேட்டு வருவோரை வாசலில் நிறுத்தலாமா?

வேலூர் நமக்கு வெளியூர் அல்ல. படவேட்டில் பஸ் ஏறினால் கண்ணமங்கலம். அதைத் தாண்டினால் வேலூர். அந்த வேலூர் மாவட்டப் போலீசை எதிர்மனுதாரராக்கி, 2025-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. மனுச் செய்தவர் ஒரு பெண். தன் தோழியை, 25 வயது நிறைந்த பெண்ணை, அவளுடைய குடும்பத்தாரே பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள் என்பது மனு. அவர்கள் செய்த குற்றம் என்ன? இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவ்வளவுதான்.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை நேரில் விசாரித்தார்கள். பலவந்தமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், 'சரியாக்க' என்று சடங்குகள் செய்தார்கள் என்று அவள் சொன்னாள். மே 22-ம் தேதி தீர்ப்பு வந்தது. அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். குடும்பத்தார் தடுக்கக் கூடாது. தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும். கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, மனிதர் தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்றது நீதிமன்றம். போலீசாரின் அசட்டையையும் கண்டித்தது.

நல்ல தீர்ப்புத்தான். வரவேற்கிறோம். ஆனால் கோர்ட்டுப் படியிறங்கி வருகிற ஒரு ஏழைப் பெண் அன்றிரவு எங்கே படுப்பாள்? மறுநாள் எதைச் சாப்பிடுவாள்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பட்டு நெய்கிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுகிறாள், மகள் இன்னொரு தறியில் உட்காருகிறாள். பாவும் ஊடையும் கொடுக்கிற முதலாளியின் கணக்கில் இருப்பது அப்பாவின் பெயர். கூலி வருவதும் அவர் கைக்கே. ரேஷன் கார்டில் அவள் பெயர் அவர் பெயருக்குக் கீழே. அந்த மகள் வாசலைத் தாண்டினால் வீடு மட்டுமா போகிறது? தறி போகிறது, கூலி போகிறது, அரிசி போகிறது. கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தின் பேரில் முன்பணம் வாங்கியிருந்தால், அந்தக் கடனும் துரத்துகிறது. மில் விடுதியில் இருப்பவளை வீட்டார் வந்து இழுத்துப் போனால் கேட்பார் யார்? பணமுள்ளவன் பங்களூரில் வீடு பிடித்துப் பிழைத்துக்கொள்வான். அடி முழுவதும் விழுவது உழைப்பவன் மேல்தான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்குக் கூலிதான் பிரச்னை" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது இதைக் குற்றமாக்கிய சட்டத்தை! 1860-ம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவாக அவன் எழுதிவைத்ததைச் சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான், மனமொத்த பெரியவர்களைப் பொறுத்தவரை, செல்லாதென்றது. இலங்கையிலோ 1883-ம் ஆண்டுச் சட்டத்தின் 365-வது பிரிவை இன்னும் நீக்கியபாடில்லை.

இப்படிச் சட்டத்துக்கும் உறவினருக்கும் பயந்து கடல் கடந்து அடைக்கலம் தேடுவோர் உலகெங்கும் உண்டு. 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் கீழ் பல நாடுகள் அவர்கள் மனுக்களைக் கேட்கின்றன. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஈரானிலிருந்தும் காமரூனிலிருந்தும் பிரிட்டனுக்கு ஓடிவந்த இருவரிடம், 'ஊருக்குத் திரும்பிப்போய் மறைத்துக்கொண்டு வாழலாமே' என்றார்கள் அதிகாரிகள். 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பயந்து மறைந்து வாழ்வதுதான் ஒருவருக்கு வழி என்றால், அவர் அடைக்கலத்துக்கு உரியவரே என்றது. நம் தெருப் பெண்ணிடம் நாமும் அதைத்தானே சொல்கிறோம், 'வெளியே தெரியாமல் இரு' என்று?

ஆகவே நமக்குக் கையில் உள்ளவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, சட்டம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் எந்தப் பெண்ணுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ம் தேதி, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழி காட்டினார். காணாமற்போனதாகப் புகார் வந்தாலும், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யலாகாது. 2022-ல் தமிழக அரசு போலீஸ் நடத்தை விதியிலேயே அதைச் சேர்த்தது.

இரண்டாவது, வைத்தியம். இது நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்கிற டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்தறிய முடியாத உடலோடு பிறக்கும் குழந்தைக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, பாலை மாற்றும் அறுவை செய்யக் கூடாதென்று 2019-ல் தமிழக அரசு தடை விதித்தது. மந்திரிக்கவும் கத்தி வைக்கவும் காசு செலவழிக்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கூரை. இங்கேதான் எல்லாம் ஓட்டையாக இருக்கிறது. பெண்களுக்கு 181 என்ற எண் உண்டு. அரசின் சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். திருநங்கையருக்கு 2008 முதல் நல வாரியம் இருக்கிறது. அந்தச் சில நாள் கழிந்த பிறகு? வாடகைக்கு அறை கேட்டால் 'கல்யாணம் ஆயிற்றா? என்ன சாதி?' என்ற கேள்விகள். இத்தகைய துணைவர் இருவரை ஒரே குடும்பமாக ரேஷன் கார்டில் சேர்க்கலாம் என்று 2024-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் வீட்டு விலாசமே இல்லாதவர் கார்டு வாங்குவது எப்படி?

மாவட்டந்தோறும் மாதக்கணக்கில் தங்கக்கூடிய இல்லமும், தனிக் கார்டும், தன் பெயரிலேயே கூலிக் கணக்கும் வேண்டுமென்று அரசையும் முதலாளியையும் கேட்க வேண்டும். ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கைகட்டி உட்காரலாமா? ஸ்டேஷனுக்கு அவளோடு நாலு பேர் போனால் பேச்சே வேறாகிவிடும். அறைக்கு ஒருவர் ஜாமீன் சொன்னால் கதவு திறக்கும். வேறொரு வீட்டில் தறி காலியாக இருந்தால் உட்கார வைக்கலாம். இதற்கெல்லாம் சர்க்கார் உத்தரவு தேவையில்லை.

ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிற முகந்தெரியாத ஜனங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம். திண்ணையில் படுத்தால் எழுப்புவதில்லை. நம் தெருவில் பிறந்து, நம்மோடு நெய்து, நம்மோடு நாற்று நட்ட பிள்ளை நடுராத்திரியில் கதவைத் தட்டினால் மட்டும் தாழ்ப்பாள் போடுவது என்ன நியாயம், தோழர்களே?