கோடைக் காலையில் ஊருணிக் கரை

பறவைகளைக் காண வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் வேட்டங்குடிக்குச் செல்ல வேண்டும் என்பது நம் பகுதி மக்களின் எண்ணம். அதில் தவறில்லை. திருப்பத்தூர் வட்டாரத்துக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களில் 1977-ஆம் ஆண்டு அமைந்த அச்சரணாலயத்திற்கு நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மழைக்காலத்தில் வந்து கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடலாகாது என்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பங்குனியில் நீர் வற்றத் தொடங்கியதும் விருந்தினர் விடைபெறுவர்.

எனினும் பெற்றோர்களே, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டப் பறவையே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். கண்மாய்கள் வற்றிய பின்னும் கல்லல், காரைக்குடிப் பக்கத்து ஊருணிகள் சிலவற்றில் நீர் எஞ்சி நிற்கும். காலை ஆறு மணிக்குள் சென்று, கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு அசையாது அமருங்கள். மண்நிறத்தில் ஒடுங்கியிருக்கும் மடையான் எழுந்து பறக்கையில் வெண்சிறகு பளிச்சிடும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் தலைகாட்டும். அது எங்கே எழும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவர், கட்டட்டும்!

ஆனால் கோடைக்கே உரிய காட்சி ஆள்காட்டியினுடையது. ஆளைக் கண்டதும் கூவி ஊரைக் கூட்டும் அப்பறவை, கூடென்று எதுவும் கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில், கூழாங்கற்களிடையே, அக்கற்களின் நிறத்திலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். சித்திரை வெயிலில் அம்முட்டைகள் வெந்துவிடாவோ? தாயும் தந்தையும் மாறிமாறி நீர்விளிம்பிற்குச் சென்று, வயிற்றிறகுகளை நனைத்து வந்து, முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கின்றன. அடைகாப்பது சூடேற்றுவதற்கே என்று படித்த நமக்கு இது வியப்பன்றோ!

இதற்கு இரண்டு வேண்டும்: திறந்த மண்தரை, நீர்வரை சரிந்திறங்கும் கரை. நாமோ அழகுபடுத்துவதாகச் சொல்லி, நான்கு புறமும் செங்குத்தாகக் கல் கட்டிக் கம்பிவேலி இடுகிறோம். பொரித்த சில மணி நேரத்தில் நடக்கத் தொடங்கும் குஞ்சு, அச்சுவரில் எவ்வாறு இறங்கும்? நடைபாதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முதியோர்க்கு அது பெருந்துணை. மூன்று புறம் கட்டுங்கள். ஒரு புறத்தை மண்சரிவாகவே விட்டுவையுங்கள்.

தூர்வாருவதும் இக்கோடையில்தான். அதைத் தள்ளிப்போடவும் இயலாது, மழை நமக்காகக் காத்திராது. ஆகவே மண்ணள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்னாள் காலை, பிள்ளைகளோடு ஒருமுறை கரையைச் சுற்றி வாருங்கள். ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறினால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடும். அடி பார்த்து வையுங்கள். முட்டையைத் தொடாமல், சற்று விலகி நான்கு குச்சிகளை நட்டு, இயந்திரம் ஓட்டுபவரிடம் அவ்விடத்தைக் காட்டி, மறுகோடியிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.