நோயுற்றவருக்கு விடுப்பு உண்டு, துணையிருப்பவருக்கு?

எங்கள் மருத்துவமனையின் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு வெளியே, விடைத்தாள் கட்டுடன் அமர்ந்திருப்போரை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். உள்ளே கணவரோ தாயோ நான்கு மணி நேரம் படுத்திருக்க, வெளியே இவர்கள் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் எனப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல ஊர்ப் பள்ளிகளில் பணிபுரிவோர் இவர்கள். சிகிச்சை தொடங்கும் நாளில் இவர்கள் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை நாள் வரவேண்டியிருக்கும்?" என்பதே. எத்தனை நாள் சம்பளம் போகும் என்ற அச்சமும் அதனுள் அடங்கியிருக்கிறது.

வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு எனில், மாதத்திற்குக் குறைந்தது பன்னிரண்டு நாள்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஓராண்டுக்குரிய தற்செயல் விடுப்பும் 12 நாள்களே. ஆண்டு முழுமைக்குமான விடுப்பு ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் என்ன செய்வது என்பதற்கு, அவர் எந்தப் பள்ளியில், எவ்வகைப் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் நிரந்தரப் பணியில் இருப்போர் நோயுற்றால், மருத்துவச் சான்றின்பேரில் எடுக்கத்தக்க ஈட்டா விடுப்பு உண்டு. பணிக்காலம் கூடக்கூட அது 90 நாள்களிலிருந்து 540 நாள்கள் வரை உயர்கிறது. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தாலும் வேலை பறிபோகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவில் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. முன்பு செய்த பணியைச் செய்ய இயலாதவரை அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய இடம் இல்லையெனில், இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அரசின் உதவி பெறும் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே. பக்கவாதத்திற்குப் பின், "இனி வேலைக்கு ஆகமாட்டேன்" என்று கருதி விருப்ப ஓய்வுக் கடிதம் எழுத முற்படுவோர், கையெழுத்திடுமுன் இப்பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

தனியார் பள்ளிகளில் பணியாற்றுவோரின் நிலை வேறு. எனினும் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்பது உண்மையன்று. தமிழகத்தின் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் ஈ.எஸ்.ஐ. திட்டம் பொருந்தும் என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறும் ஆசிரியரும், அலுவலகப் பணியாளரும், பேருந்து ஓட்டுநரும், ஆயாவும் இதில் அடங்குவர். தொழிலாளி செலுத்துவது ஊதியத்தில் 0.75 விழுக்காடு, நிர்வாகம் செலுத்துவது 3.25 விழுக்காடு. உரிய காலம் சந்தா செலுத்தியவர் நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 விழுக்காடு ஊதியம் பெறலாம். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, கூடுதல் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 விழுக்காடு ஊதியம் ஈராண்டு வரை கிடைக்கும். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம் உண்டு. இவற்றை அறியாமலே, சம்பளம் போகிறதே என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோர் உள்ளனர். எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுவே.

இவ்விரண்டு பிரிவிலும் சேராதவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்க 2012இல் மாதம் ரூ.5,000 ஊதியத்தில் அரசுப் பள்ளிகளில் அமர்த்தப்பட்ட அவர்களுக்கு, நிரந்தர ஆசிரியருக்குரிய விடுப்புகள் வழங்கப்படவில்லை.

மேற்கூறிய யாவும் நோயுற்றவர் தாமே ஊழியராக இருக்கும்போதுதான். நோயுற்றவரின் அருகில் இருப்பவருக்கு என்ன உண்டு? மத்திய அரசின் பெண் ஊழியர்க்குப் பிள்ளைகளைக் கவனிக்கப் பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள்கள் விடுப்பு உண்டு. 2018 முதல் தனித்து வாழும் தந்தையருக்கும் அது கிடைக்கிறது. கேந்திரிய வித்யாலயா ஆசிரியை இதனைப் பெறுகிறார். நம் மாநிலப் பள்ளி ஆசிரியையோ தாயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் புதுச்சேரிக்கும் அலையும்போது, தமக்குரிய விடுப்பையே செலவழிக்க வேண்டும். அது தீர்ந்தால் ஊதியமில்லா விடுப்பு.

இக்குறை நீக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மகப்பேறு விடுப்பை 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் ஓராண்டாகவும் உயர்த்திய மாநிலம் இது. பிறப்பின்போது காட்டிய பரிவை நோயின்போதும் காட்டுவது இம்மாநிலத்துக்கு இயலாததன்று. ஜப்பானில் நோயுற்ற குடும்பத்தினர் ஒருவருக்கு 93 நாள்கள் வரை கவனிப்பு விடுப்பு உண்டு. ஊதியத்தில் 67 விழுக்காட்டை வேலைக் காப்பீட்டு நிதியம் வழங்குகிறது. ஈ.எஸ்.ஐ. போன்ற பொது நிதி நம்மிடமும் இருக்கிறது. துணையிருப்போருக்கும் அதனை விரிவாக்கினால் சிறிய பள்ளி நிர்வாகம் தனியே சுமை தாங்க வேண்டியதில்லை.

"ஆசிரியர் விடுப்பில் போனால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அவ்விடுப்பு இல்லாததால் ஆசிரியர் வகுப்பில் நிலைத்திருப்பதில்லை. அரைநாள் அனுமதியும் திடீர் விடுப்புமாக, மாற்று ஏற்பாட்டுக்கு இடமின்றிப் போய்வருகிறார். முன்கூட்டி அறிவித்த இரண்டு மாத விடுப்பு என்றால் தலைமையாசிரியர் மாற்று ஆசிரியரை அமர்த்த முடியும்.

எங்கள் கடமையையும் மறக்கவில்லை. சிகிச்சை அட்டவணையையும் மருத்துவச் சான்றையும் நாங்கள் தாமதித்தால், உரிமை இருந்தும் பயன் இல்லை. முதல் நாளிலேயே அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று பாருங்கள்; இருந்தால் எங்கள் ஆவணங்களுடன் உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தை நாடுங்கள். பணிக்குத் திரும்பும்போது தகுதிச் சான்று பெற மறவாதீர்கள். எதுவாயினும், எங்களைக் கேட்காமல் சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.