பெட்டியைப் பார்க்காதே, ப்ளக்கைப் பார்!

ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கமே வர முடியல. நேத்து ராத்திரி ஹூஸ்டன்ல இருந்து தம்பி (சித்தப்பா பையன்) போன் பண்ணி ஒரு மணி நேரம் சண்டை போட்டான். போனை வச்ச பிறகும் எனக்குப் பொருமல் அடங்கல. வலைப்பூன்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்கோம், இங்க கொட்டிட வேண்டியதுதான்.

மேட்டர் இதுதான். பயபுள்ள போன வருஷம் ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக்கிட்டுக் குடும்பத்தோட பத்து நாள் ஊர் சுத்தியிருக்கான். ஆர்.வி.ன்னா படுக்கை, அடுப்படி, கக்கூஸ் எல்லாம் அடங்கின வண்டி. நம்மூர்ல கேரவன்னு சொன்னா ஷூட்டிங்ல ஹீரோ உக்கார்ற வண்டிதான் ஞாபகம் வரும், அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்குங்க. அந்த ஆர்.வி.யில ஒரு பெட்டி இருந்துச்சாம். மைக்ரோவேவும் அதுவே, கன்வெக்ஷன் ஓவனும் அதுவே. சூடு பண்ணுது, கேக் சுடுது, கோழி வறுக்குது. பய அப்படியே மயங்கிட்டான்.

இப்ப திருவொற்றியூர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்காக ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி கேரவனா மாத்துறான். ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில மாத்தம் இதெல்லாம் தனிப் பதிவு போடற அளவுக்குப் பெரிய கதை, அதை விடுங்க. என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, 28 லிட்டர் காம்பி வாங்கவா, 32 லிட்டர் வாங்கவா? இல்ல இங்கேர்ந்தே ஆர்.வி. ஓவனை எடுத்துட்டு வரவா?"

நான் பொழப்புக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன். ரெண்டும் வேணாம்னேன். அதுக்குத்தான் சண்டை.

அவன் ஏன் கேக்கிறான்னு முதல்ல சொல்லிடறேன்

சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினவர். 2010-கள்ல எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குள்ள போக டிரெய்லருங்க கிலோமீட்டர் கணக்குல வரிசையில நிக்கும். ஒரு நாளும் ஆகும், ரெண்டு நாளும் ஆகும். சோறு, தூக்கம், குளியல் எல்லாம் அந்த வண்டியை வச்சுத்தான். நாம இன்னிக்கு காசு குடுத்து அனுபவிக்கணும்னு நினைக்கிற 'சக்கரத்து மேல வாழ்க்கை'யை அந்த மனுஷன் சம்பளத்துக்கு வாழ்ந்தார்.

ஒரு நாள் மழை. வெளிய அடுப்பு வைக்க வழியில்ல. கேபினுக்குள்ளயே அஞ்சு கிலோ சிலிண்டர் அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டு இருக்கு. கிளீனர் அன்னிக்கு வரல. திடீர்னு முன்னாடி வண்டி நகர்ந்துடுச்சு. நாம நகரலேன்னா பின்னாடி இருக்கறவன் ஆரன் அடிச்சே கொன்னுடுவான், இடமும் போயிடும். அவசரத்துல அடுப்பை அணைச்சு, குண்டானைக் கீழ இறக்கி வச்சு, வண்டியை எடுத்திருக்கார். பத்தடி தூரத்துல ஒரு பள்ளம். கொதிக்கிற கஞ்சி மொத்தமும் இடது கால்ல. முழங்காலுக்குக் கீழ இன்னிக்கும் தோல் வேற நிறம்.

தம்பி அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தவன் அவன்தான். அதனாலதான் நேத்து போன்ல கத்தினான்: "இனிமே அப்பா ஏறுற வண்டியில நெருப்பே இருக்கக் கூடாதுண்ணா."

அவன் பயம் நூத்துக்கு நூறு நியாயம். அதுக்கு அவன் புடிச்சிருக்கிற பெட்டிதான் தப்பு.

அமெரிக்காவுல சமைச்சது பெட்டி இல்ல, கம்பம்

அங்க ஆர்.வி. நிறுத்துற கேம்ப்கிரவுண்டுல ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்துல ஒரு கம்பம் நட்டிருப்பான். அதுல 30 ஆம்ப், 50 ஆம்ப் ப்ளக். 120 வோல்ட்டுல 30 ஆம்ப்னா 3600 வாட். வயரைச் சொருகினா ஓவன் பாட்டுக்கு ஓடும். கம்பம் இல்லாத இடத்துல ஜெனரேட்டர். தம்பி பார்த்தது பெட்டியை மட்டும். அதுக்குப் பின்னாடி போன வயரை அவன் பார்க்கல.

அந்தப் பெட்டியை சூட்கேஸ்ல போட்டுத் தூக்கிட்டு வர்றது சொந்தச் செலவில் சூனியம். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குப் பண்ணது. நம்மகிட்ட 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டா வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர் சூடேறிச் சாகும்.

கணக்குப் பாருங்க மக்களே

நம்ம கடையில விக்கிற 28 லிட்டர் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் எடுத்துக்குங்க. 900 வாட்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது சாப்பாட்டுக்குள்ள போற அளவு. சுவத்துல இருந்து இழுக்கறது சுமார் 1400. கன்வெக்ஷன்ல போட்டா 2000-த்தைத் தாண்டும், சிலதுல 2200, 2400. பெட்டி முதுகுல ஒட்டியிருக்கிற தகட்டைத் திருப்பிப் பாருங்க, சேல்ஸ்மேன் அதைக் காட்ட மாட்டான்.

2200 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில இருந்து எடுத்தா 183 ஆம்ப். இன்வெர்ட்டர்ல வீணாகறதையும் சேர்த்தா 200-ஐத் தாண்டும். 150 ஆம்ப்-ஹவர் பேட்டரியில மொத்தம் இருக்கறதே 1800 வாட்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணா ஆயுசு போயிடும், ஆக 900. ஒரு கோழியை முக்கால் மணி நேரம் கன்வெக்ஷன்ல வச்சா, ஹீட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சாலும் சுமார் ஒரு யூனிட் ஆகும், அதாவது 1000 வாட்-ஹவர். கோழி வேகறதுக்கு முன்னாடி பேட்டரி வெந்துடும்.

லித்தியம் போடுவேங்கறான் தம்பி. போடு ராசா. நிறைய 12 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கிற காவல்கார போர்டு 100 ஆம்புக்கு மேல விடாது. அது 1300 வாட்டைக்கூடத் தொடாது. பெரிய போர்டு இருக்கிற பேட்டரி வேணும், விலையைக் கேட்டா அந்தக் காசுக்கு ரெண்டு பேரும் காசிக்கே போய்ட்டு வந்துடலாம்.

சோலார்? 800 வாட் பேனலை கூரையில ஏத்திட்டா நல்ல வெயில்ல தினம் மூணு யூனிட் கிடைக்கும்னு வைங்க. அதுல ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட்டு, சித்தியோட சீரியல். ஏசி ஓட்டினா பகல் பூரா சேர்த்ததெல்லாம் ராத்திரியே காலி. மிச்சம் இருந்தா கோழி.

இன்னும் சில உதைக்கிற விஷயம்

1. பாத்திரம். மைக்ரோவேவ்ல எவர்சில்வர் ஆகாது. கன்வெக்ஷன்ல ஆகும். ரெண்டும் சேர்ந்து ஓடற காம்பி மோடுல, அவனே குடுத்த ஸ்டாண்டு தவிர வேற உலோகம் ஆகாது. அறுபது வயசு தாண்டின சித்தி ஓடற வண்டியில இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு பட்டன் அமுக்கணுமாம்.

2. சூடு. கன்வெக்ஷன் ஓவனைச் சுத்தி காத்து போக இடைவெளி விடணும், எவ்ளோன்னு கையேட்டுல இருக்கும். அதைவிட்டா அந்தப் பெட்டி வேன்ல பாதி அலமாரியை முழுங்கிடும். விடாம பிளைவுட்டுக்குள்ள திணிச்சா, எந்த நெருப்புக்குப் பயந்தோமோ அதையே அலமாரிக்குள்ள குடிவைக்கிறோம்.

3. மீன். ராயபுரத்துக்காரன் கோழியோட நிறுத்துவானா? காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கின அன்னிக்கு நிறுத்த மாட்டான். எண்ணெய்ப் புகை கன்வெக்ஷன் ஃபேன்ல ஒட்டும், அப்புறம் சுடற கேக்கெல்லாம் வஞ்சிரம் கேக்தான். அந்த வண்டியிலதான் ராத்திரி படுக்கவும் போறீங்க.

4. கடல் காத்து. எங்க ஏரியாவுல கதவுக் கீலே ரெண்டு வருஷத்துல துரு பிடிக்கும். ஓவன் உள்பக்கம் பெயின்ட் உரிஞ்சு துரு வந்தா மைக்ரோவேவ்ல பொறி பறக்கும். ரிப்பேருக்கு வர்ற பெட்டிங்களைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

அப்போ எதைத்தான் வாங்கறது?

வேன்ல போறவங்க உண்மையில என்ன சமைப்பாங்க? சோறு வடிப்பாங்க, சாம்பார் சூடு பண்ணுவாங்க, பால் காய்ச்சுவாங்க, இட்லி. பழுப்பா முறுகணும்னு இதுல எது அழுவுது? அதுக்கு 20 லிட்டர் சாதா மைக்ரோவேவ் போதும். திருகற குமிழ் வச்சது வாங்குங்க, கரண்ட் போய் வந்தா 'கடிகாரத்தைச் செட் பண்ணு'ன்னு கெஞ்சாது. அது சுமார் 1200 வாட் இழுக்கும், ஆனா மூணு நிமிஷம்தான். 60 வாட்-ஹவர். சோத்துக்கு 400 வாட் சின்ன ரைஸ் குக்கர், அரை மணி நேரம்னாலும் 200. இன்வெர்ட்டர் நஷ்டத்தோட ஒரு வேளைச் சாப்பாடு 300 வாட்-ஹவர்ல முடிஞ்சுது. நெருப்பும் இல்ல. இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கணும், மலிவா கிடைக்குதுன்னு ஸ்கொயர் வேவ் வாங்கினா மைக்ரோவேவ் உறுமும், சாப்பாடு சூடாகாது. ஓடறப்ப கண்ணாடித் தட்டை எடுத்து துண்டுல சுத்தி வைங்க.

காம்பியே வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு: ராத்திரி தங்கற ஒவ்வொரு இடத்துலயும் எர்த் உள்ள 16 ஆம்ப் ப்ளக் உண்டான்னு முதல்ல பட்டியல் போடுங்க. லாட்ஜ் வாசல்ல இருக்கிற 6 ஆம்ப் ப்ளக்குல 2200 வாட்டைச் சொருகினா ப்ளக் உருகும். பட்டியல் தேறினா வாங்குங்க, நான் தடுக்கல.

இப்ப என் உண்மையான எரிச்சலுக்கு வர்றேன்

இதையெல்லாம் சித்தப்பா திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தார். கடைசியில ஒரே கேள்வி கேட்டார்:

"இன்னாடா பெட்டி பெட்டின்றீங்க? அமெரிக்காவுல வண்டிக்கு வண்டி கம்பம் நட்டு வச்சிருக்கான்றியே, நாங்க நின்ன ரோட்ல ஏண்டா ஒண்ணுகூட இல்ல?"

என்னால பதில் சொல்ல முடியல.

யோசிச்சுப் பாருங்க. அசோக் மோட்டார்ஸா 1948-ல ஆரம்பிச்சு 1955-ல அசோக் லேலண்டா மாறின கம்பெனி லாரி செய்யற ஊர் எண்ணூர். மின்சாரம் பொறக்கறதும் இங்கதான். 1970-ல தொடங்கின எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், 2017-ல மூடற வரைக்கும் எங்க மொட்டைமாடி வடாம் மேல சாம்பலைத் தூவிச்சு. அந்தப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தோட முதல் ரெண்டு கட்டம் மட்டும் 1830 மெகாவாட். வல்லூர் 1500. இந்த ரெண்டையும் கூட்டினா ஒரே நேரத்துல பதினைஞ்சு லட்சம் கன்வெக்ஷன் ஓவன் ஓட்டலாம். அந்த மின்சாரம் போற கம்பிக்குக் கீழதான் டிரெய்லர் நிக்குது. டிரைவர் சாம்பார் சூடு பண்ண ஒரு ப்ளக் கிடையாது.

இதைவிடக் கொடுமை ஒண்ணு சொல்றேன். குளிர்பதன கன்டெய்னர் பார்த்திருப்பீங்க. உள்ள இறாலோ மீனோ இருக்கும். டெர்மினல் யார்டுல அதைச் சொருகறதுக்குன்னே வரிசையா மூணு ஃபேஸ் ப்ளக். ரோட்டுல வர்றப்ப அதுக்குத் தனி ஜெனரேட்டர். இறால் கெட்டுப்போகக் கூடாதுங்கறது நியாயம்தான். அதை இழுத்துட்டு வர்ற மனுஷன் பசிக்கு ஏன் ஒரு ப்ளக் இல்ல?

"அவங்களுக்குப் பழகிடுச்சு சார்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். சித்தப்பா காலைக் காட்டறேன், வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க எப்படிப் பழகிச்சுன்னு. புதுசா தயாராகற நடுத்தர, கனரக லாரிக்கெல்லாம் கேபின்ல ஏசி கட்டாயம்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு. நல்லது, வரவேற்கிறேன். டிரைவரும் மனுஷன்னு ஒத்துக்கிட்டாச்சுன்னா அடுத்தது அவன் சோறுதானே?

அதுக்கு லாரிக்குள்ள ஓவன் வைக்கச் சொல்லல. லாரி பேட்டரி ஸ்டார்ட் பண்றதுக்கு வச்சது, அதுல சமைச்சா மறுநாள் வண்டி கிளம்பாது. டிரெய்லர் நிக்கிற இடத்துல ஒரு கொட்டகை, தண்ணிக் குழாய், எர்த் போட்ட 16 ஆம்ப் ப்ளக் பத்து, நாலு சாதா மைக்ரோவேவ். ஒருத்தனுக்கு மூணு நிமிஷம்னா, ஒரு பெட்டியில ஒரு மணி நேரத்துக்கு இருபது பேர். ஆளுக்கு பத்துப் பைசா யூனிட்டுக்கு மேல ஆகாது, அதாவது ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. ஒரு கன்டெய்னர் ஒரு நாள் தாமதமானா ஆகற நஷ்டத்துல இந்தக் கொட்டகையையே கட்டிடலாம்னு எனக்குத் தோணுது.

ஓவனை வண்டியில வைக்காதே, வண்டி நிக்கிற இடத்துல வை. தம்பிக்கும் இதான், துறைமுகத்துக்கும் இதான்.

காலையில தம்பிகிட்ட இருந்து மெசேஜ்: "சரிண்ணா. வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் மூணு ஊர்லயும் 16 ஆம்ப் ப்ளக் இருக்கிற லாட்ஜ் விசாரிச்சுச் சொல்லு." இப்ப அந்த ஆணியும் என் தலையில.

டிஸ்கி 1: எந்தக் கம்பெனிப் பெட்டி நல்லதுன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க. தகட்டைத் திருப்பிப் பாருங்க.

டிஸ்கி 2: பதிவைப் படிச்சுக் காட்டினப்ப சித்தப்பா சொன்னது: "எல்லாம் சரி. அந்த வஞ்சிரம் கேக்கு எப்படா பண்ணுவ?"