கொரியத்துக் கிம்ச்சியும் குளத்தூர்க் கஞ்சியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

 

தாவரவியல் மாணவன் ஒருவன் ஆண்டு மலரில் சமையலைப் பற்றி எழுத வருகிறானே என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படியுங்கள். சோறு இல்லாமல் எந்தத் துறை மாணவனும் பட்டம் வாங்கியதில்லை.

இன்று நம் வகுப்பு இடைவேளைகளில் மிகுதியாகப் பேசப்படும் நாடு எது? அமெரிக்காவா? இல்லை. கொரியா! கொரியத் தொடர், கொரியப் பாட்டு, அவற்றின் பின்னாலேயே கொரிய நூடுல்ஸ். 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. வேலைக்கு வந்த கொரியக் குடும்பங்களுக்காகச் சென்னையில் கொரிய உணவகங்கள் தோன்றின. அவை எங்களைப் போன்ற கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தன. கைப்பேசி வந்து அந்தத் தொலைவை அழித்துவிட்டது. இப்போது பேருந்து நிலையத்துக் கடையிலேயே கொரியப் பொட்டலம் தொங்குகிறது.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒரு தவறு செய்தவன் என்ற தகுதிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் குளத்தூர். விளாத்திகுளம் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கரிசல்; மறுபக்கம் சற்றுத் தொலைவில் உப்பளமும் கடலும். வானம் பார்த்த பூமி. அப்பா சொந்தப் புஞ்சையில் பாடுபடுகிறவர். அம்மா வத்தல் காலத்தில் மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலிக்குப் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

முதலாண்டுச் சேர்க்கை முடிந்த புதிதில் அம்மா தூக்குச்சட்டியில் கம்மஞ்சோறு கரைத்து மோர் ஊற்றி, மிதுக்கங்காய் வத்தலை வறுத்து வைத்து அனுப்புவார். மூன்று நாள் கொண்டுவந்தேன். நான்காம் நாள் நண்பன் ஒருவன், கெட்ட எண்ணம் எதுவுமின்றி, "என்னடா, மாட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலை அம்மாவிடம், "இனிமே கம்மஞ்சோறு வேண்டாம்மா. காலேஜுல யாரும் இதெல்லாம் திங்கிறதில்ல" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் அரிசிச் சோறு வந்தது.

சில மாதங்கள் கழித்து, உதவித்தொகை வந்த அன்று, நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கொரிய நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி, அதே நண்பர்களோடு பங்கிட்டு உண்டேன். காரத்தில் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது. அந்தப் பொட்டலத்தின் விலை அம்மாவின் கூலியில் பெரும்பகுதி என்பது வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது.

அதன்பின், கொரியர்கள் தங்கள் வீட்டில் உண்மையில் என்னதான் உண்கிறார்கள் என்று அறிய ஆவல் கொண்டேன். தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. நண்பர்களே, அது ஏறக்குறைய நம் பாட்டி வீட்டுச் சாப்பாடு!

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் சோறு நடுவே இருக்கிறது. அதைச் சுற்றிச் சிறு கிண்ணங்களில் கீரை, முளைகட்டிய பயறு, சிறு மீன், ஊறவைத்த காய் என்று தொடுகறிகள். அவற்றுக்கு 'பஞ்சான்' என்று பெயர். எங்கள் ஊரில் தொடுகறியை 'வெஞ்சனம்' என்போம். ஒலி ஒற்றுமையைக் கொண்டு உறவு கொண்டாட நான் வரவில்லை. அம்மா, அப்பா என்ற சொற்களை வைத்தும், அயுத்த நாட்டு இளவரசிக் கதையை வைத்தும் கொரியர்கள் நம் சொந்தக்காரர்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் நமக்கு வேண்டாம். பானையைப் பார்த்தாலே போதும்.

சோறு வடித்தபின் பானையடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள், பெயர் 'சுங்நியுங்'. நம் நீச்சத்தண்ணிக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. இஞ்சியும் பட்டையும் கொதிக்கவைத்து இனிப்புச் சேர்த்து 'சுஜொங்குவா' செய்கிறார்கள். நம் வீட்டில் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காபி. பல தானியங்களை வறுத்து அரைத்த மாவைக் கரைத்து 'மிசுகாரு' குடிக்கிறார்கள். நம் சத்துமாவுக்கு வேறு விளக்கம் வேண்டுமா? நிலக்கடலையையும் எள்ளையும் பாகில் பிடித்துத் துண்டுபோட்டு நொறுக்குத்தீனி செய்கிறார்கள். அதைப் படத்தில் பார்த்த என் தம்பி, "அண்ணே, கடலை மிட்டாய்!" என்று கத்திவிட்டான்.

அவர்களுடைய கிம்ச்சி எது? உப்பிலிட்ட முட்டைக்கோஸில் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, சிறு இறால் சேர்த்துப் புளிக்கவைத்தது. உப்பு கெட்ட நுண்ணுயிர்களை அடக்கிவைக்க, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி, காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அதே இனத்து நுண்ணுயிர்கள்தாம் நம் பழைய சோற்றையும் கம்மங்கூழையும் புளிக்கவைக்கின்றன. தானியத்தில் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் புளிக்கும்போது குறைகிறது. நுண்ணோக்கி இல்லாத பாட்டிமார் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள்.

கோடை விடுமுறையில் நானே வீட்டில் கிம்ச்சி செய்து பார்த்தேன். அவர்கள் பயன்படுத்தும் நீண்ட கோஸ் நம் சந்தையில் கிடையாது. சாதாரண முட்டைக்கோஸும் முள்ளங்கியும் எடுத்துக்கொண்டேன். உப்புக்கும் வத்தலுக்கும் எங்கள் பகுதியில் பஞ்சமா? சிறு இறாலுக்குப் பதில் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்தேன். கொஞ்சம் அரிசிமாவுக் கஞ்சி காய்ச்சி எல்லாவற்றையும் பிசைந்து பாட்டியின் ஊறுகாய் ஜாடியில் அழுத்தி மூடினேன். எங்கள் வெயிலுக்கு இரண்டே நாளில் நுரை கட்டிப் புளித்துவிட்டது. பாட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம கஞ்சிப்பானை வாசந்தான வருது! இதுக்காடா இம்புட்டுப் பாடு?" என்றார். பிறகு ஒரு துண்டு வாயில் போட்டு, "கஞ்சிக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று தீர்ப்பும் வழங்கினார்.

அப்போதுதான் அம்மாவிடம், "கம்மங்கஞ்சி காய்ச்சும்மா, இதைத் தொட்டுக்கிடுவோம்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கம்பு ஏதுய்யா? வீட்டுக்குன்னுதான ஓரமா நாலு பாத்தி விதைச்சோம். நீ வேண்டாம்னுட்ட. ஒங்கப்பா அதுலயும் மக்காச்சோளம் போட்டுட்டாரு" என்றார்.

நண்பர்களே, நான் சிரித்த சிரிப்பின் விலை எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வேளைச் சோற்றை மட்டும் நான் மறுத்ததாக எண்ணியிருந்தேன். ஆனால் புரட்டாசியில் விதைக்க வேண்டிய ஒரு பயிர் எங்கள் புஞ்சையிலிருந்து போய்விட்டது. பாட்டி காலத்திலிருந்து குதிரில் எடுத்துவைத்த விதையும் அதோடு போய்விட்டது. இப்போது எங்கள் நிலத்தில் விளைவது கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தை அழித்தபோது ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. மக்காச்சோளத்தில் நான்கு காசு பார்க்கிற அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு என்றிருந்த நான்கு பாத்தியையும் அதற்குக் கொடுக்கவைத்தது நான்தான்.

"ஆகவே அயல்நாட்டு உணவை ஒழிப்போம்" என்று முழங்கப் போகிறேன் என நினைக்காதீர்கள். அந்த முழக்கம் நம் நாட்டில் எடுபடாது. நம் கரிசலுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த வத்தல் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் நிலக்கடலை? அதுவும் தென் அமெரிக்காவின் பயிர்தான். கொரியாவின் கிம்ச்சியும் ஒரு காலத்தில் மிளகாய் இல்லாமல்தான் இருந்தது. அவர்களுக்கும் மிளகாய் அதே கண்டத்திலிருந்து போய்ச் சேர்ந்ததுதான். வந்த பொருளைத் தமதாக்கிக்கொள்வதில் அவர்களும் கெட்டிக்காரர்கள், நாமும் கெட்டிக்காரர்கள். ஆகவே கிம்ச்சி நம் வீட்டுக்கு வரட்டும்.

வேறொரு மறுப்பு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். "கஞ்சியைப் பெருமையாகப் பேசுகிறவன் பசியை அறியாதவன். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ட சனங்கள் அவர்கள். பிள்ளையாவது அரிசிச்சோறு உண்ணட்டும் என்றுதானே பாடுபட்டார்கள்?" உண்மை. என் பாட்டியே சொல்லுவார். வறுமையை யாரும் மாலை போட்டு வரவேற்க வேண்டாம்.

ஆனால் கொரியர்கள் மட்டும் பசியறியாதவர்களா? 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்த நாடு சுடுகாடானது. சென்ற ஆண்டு அரிசி தீர்ந்து, வாற்கோதுமை அறுவடைக்கு வராத வசந்த காலப் பட்டினிக்கு 'வாற்கோதுமை மேடு' என்றே அவர்கள் மொழியில் பெயர் உண்டு. நாம் பெருமையாக வாங்கித் தின்னும் நூடுல்ஸ் அங்கே 1963இல் பிறந்ததே மக்களின் பசியடக்கத்தான். அந்த ஏழ்மையைக் கடந்து வந்தவர்கள் ஏழ்மைக் காலத்துப் பானையை உடைக்கவில்லை. 2010இல் கிம்ச்சிக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்தார்கள். குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடிக் கிம்ச்சி போடும் 'கிம்ஜாங்' வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி போடும் வழக்கமும் அதே பட்டியலில் சேர்ந்தது. இரண்டாகப் பிரிந்த நாடு கிம்ச்சி ஜாடியில் ஒன்றாக இருக்கிறது!

நாம் என்ன செய்தோம்? நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைப் பற்றி ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 1982இலேயே நம் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். ஆனால் அகராதியில் இருக்கும் பண்டம் அடுப்பில் இல்லாவிட்டால் என்ன பயன்? மழைக்குப்பின் கரிசலில் தானாகக் கொடியோடும் அதலைக்காய், பாகற்காயின் நெருங்கிய உறவு. அதன் தாவரப் பெயரை நான் தேர்வில் எழுத முடியும். பறித்துப் பொரியல் செய்யப் பாட்டிக்குத்தான் தெரியும். அந்தக் கல்வி எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

பொட்டலத்தைப் பற்றியும் ஒரு சொல். அது கொரியர் வீட்டுச் சமையல் அன்று. கொரிய ஆலைச் சரக்கு. உப்பு அதில் மிகுதி. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. கிம்ச்சியிலும் நம் வத்தலிலும் உப்பு மிகுதிதான். ஆகவே எதையும் அளவோடு உண்ணுங்கள். கூழ் குடித்தால் எல்லா நோயும் தீரும் என்று சொல்ல நான் சித்த வைத்தியனும் இல்லை.

கொரியரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவர்கள் நூடுல்ஸை விட்டுவிட்டு அவர்கள் நெஞ்சுரத்தைக் கற்றுக்கொள்வோம் என்பதே என் கருத்து. அவர்கள் தம் தாயின் பானையை ஊரார் முன் மறைக்கவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நாம் படித்ததன் அடையாளமாக முதலில் மறைப்பதே அந்தப் பானையைத்தான்.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு மூதாட்டியிடம் ஒரு பண்டத்தின் செய்முறையைக் கேட்டு, அளவோடும் பக்குவத்தோடும் எழுதி வாருங்கள். அடுத்த பொங்கல் விழாவில் நம் வளாகத்தில் ஓர் உணவுச்சாலை வைப்போம். கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, கருப்பட்டிக் காபி, கடலை மிட்டாய் எல்லாம் அங்கே இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு ஜாடிக் கிம்ச்சியும் இருக்கட்டும். அதை நானே செய்து கொண்டுவருகிறேன்.

எங்கள் பழைய விதை திரும்பக் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர் உறவினரிடம் இரண்டு படி கம்பு வாங்கி வைத்திருக்கிறார் அப்பா. இந்தப் புரட்டாசியில் நான்கு பாத்தி மீண்டும் விதைப்பதாகச் சொல்லியிருக்கிறார். விளைந்ததும் தூக்குச்சட்டியோடு வருவேன். பங்கிட்டு உண்ண வாருங்கள், நண்பர்களே!