வளர்ச்சியின் பட்டா யார் பெயரில்?

வளரும் நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு ஏன் பெருகுகிறது என்று கேட்டால், பொருளாதார வல்லுநர்கள் ஆயத்தமாக ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள்: கல்விக் குறைவு, திறன் குறைவு, தொழில்நுட்ப மாற்றம், உலகமயம். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவைப் பற்றிப் பேசும்போதுகூட இந்தப் பட்டியலில் சாதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கல்வி யாருக்கு மறுக்கப்பட்டது, பிள்ளையைப் படிக்கவைக்க யார் கையில் முதல் இல்லை என்று கேட்காமல் காரணம் தேடுவது, நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதுகிற வேலை.

தொழில் வளரத் தொடங்கும்போது ஏற்றத்தாழ்வு கூடும், வளர்ச்சி முதிர்ந்தபின் குறையும் என்று 1955இல் சைமன் குஸ்நெட்ஸ் எழுதினார். அதில் பெரும்பகுதி ஊகமே என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் 'கொஞ்சம் பொறுங்கள், வளர்ச்சி உங்கள் தெருவுக்கும் வரும்' என்று சேரிக்குச் சொல்ல ஆள்வோருக்கு இதுவே வசதியாகிப் போனது. பொறுத்தோம். வந்தது என்ன? தாமா பிக்கெட்டி உள்ளிட்டோர் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும் செல்வத்தில் 40.1 விழுக்காடும் மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் குவிந்திருந்தன.

தென்கொரியாவும் தைவானும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற ஏழை நாடுகள்தாம். அவை பெருந்தொழிலில் இறங்குமுன் நிலத்தைப் பங்கிட்டன. தென்கொரியாவில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. உழுதவனுக்கு நிலம் கிடைத்தபின் வந்த வளர்ச்சியில் அவனுக்கும் பங்கு இருந்தது. நாமோ நிலத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வளர்ச்சியை மட்டும் அழைத்துவந்தோம்.

நிலம் ஏன் சிலரிடமே இருந்தது என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. 1891இல் அம்மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மிராசுதார்களின் பிடியில் அவர்களுக்குக் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் தடை. அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

அந்த நிலங்கள் இன்று யாரிடம்? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் பெருமளவு பறிபோயின. மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, இருவர் உயிரிழந்தனர்.

இதற்கும் வருமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் அதே வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் எழுந்தபோது நிலத்தின் விலை பல மடங்கு ஏறியது. பட்டா வைத்திருந்தவர் மனை போட்டு விற்றார், வாடகைக்கு வீடு கட்டினார், பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்தார். பட்டா இல்லாதவரின் பிள்ளை அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ வாயிற்காவலராகவோ நிற்கிறான். ஒரே ஊர், ஒரே வளர்ச்சி. பத்திரம் காட்டியவருக்கு வங்கிக் கதவு திறந்தது. காட்ட எதுவும் இல்லாதவரைக் கந்துவட்டி வரவேற்றது. நாட்டு மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினரிடம் இருக்கும் சாகுபடி நிலப்பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு.

'படித்தால் போதுமே' என்பார்கள். தோரட்டும் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தகுதி ஒன்றாக இருந்தும் பெயர் குறுக்கே நின்றது.

அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் என்ற முரணோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் எச்சரித்தார். அந்த முரணை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக்காத்துவிட்டு, ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் தெரியவில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறோம்.

எனவே நான் கேட்பது இலவசம் அல்ல, கணக்கு. வட்டம் வாரியாகப் பஞ்சமி நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு அரசு வெளியிடட்டும். நிபந்தனையை மீறிய கைமாற்றங்களை ரத்து செய்து, மீட்ட நிலத்துக்குப் பெண்கள் பெயரிலும் பட்டா தரட்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பில் தலைகளை மட்டும் எண்ணாமல் யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வருமானம் என்றும் எண்ணட்டும். எண்ண மறுக்கும் அரசு, ஏற்றத்தாழ்வை ஒழிக்கப்போகிறேன் என்று சொன்னால் நம்புவதற்கு நம்மிடம் இன்னும் ஒரு நூற்றாண்டு பொறுமை இல்லை.