ஜப்பானிய மொழிக் கல்வி: தமிழ் பேசும் மாணவர் வாசலில் நிற்பது ஏன்?

கொழும்பில் ஆண்டுதோறும் ஜப்பானிய மொழிப் பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஜப்பானியத் திரைப்பட விழா நடத்தப்படுகிறது. இகெபானா எனப்படும் மலர் அலங்காரக் கலை, தேநீர்ச் சடங்கு, கிமோனோ அணிதல், காகித மடிப்புக் கலையான ஒரிகாமி ஆகியவற்றுக்கான செய்முறை விளக்கங்களும் அவ்வப்போது இடம்பெறுகின்றன. இவை பற்றிய செய்திக் குறிப்புகளும் புகைப்படங்களும் எமது மேசைக்கும் வந்துசேர்கின்றன. அவற்றில் வெற்றி பெற்றோரின் பெயர்ப்பட்டியலை நோக்கும்போது ஒரு தமிழ்ப் பெயரையோ முஸ்லிம் பெயரையோ தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இது தற்செயலானதா, அல்லது எமது கல்வி முறையின் ஆழமானதொரு குறைபாட்டின் வெளிப்பாடா என்பதைச் சிந்திக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனெனில், ஜப்பானிய மொழி இன்று ஒரு சிலரின் பொழுதுபோக்குக்குரிய விடயமாக இல்லை. பல்லாயிரம் இளைஞர், யுவதிகளின் எதிர்காலத்துடன் தொடர்புடைய விடயமாக அது மாறியுள்ளது.

ஜப்பான் வேகமாக முதுமையடைந்துவரும் நாடு. அதன் சனத்தொகையில் 10 பேரில் ஏறத்தாழ மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2024ஆம் ஆண்டில் அங்கு பிறந்த ஜப்பானியக் குழந்தைகளின் எண்ணிக்கை 7 இலட்சத்துக்கும் கீழே வீழ்ச்சியடைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கதவைத் திறப்பதில் நீண்டகாலமாகத் தயக்கம் காட்டிவந்த அந்நாடு, 2019 ஏப்ரலில் "குறித்துரைக்கப்பட்ட திறன்" என்ற புதிய வதிவிட வகையை அறிமுகப்படுத்தியது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட நிர்மாணம், உணவகத்துறை போன்ற 14 துறைகளில் தொடங்கிய இத்திட்டம் 2024இல் 16 துறைகளாக விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கம் 5 ஆண்டு காலப்பகுதிக்கு 8 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வரை உள்வாங்கலாமென ஜப்பானிய அமைச்சரவை நிர்ணயித்தது. இலங்கை அரசாங்கமும் இத்திட்டம் தொடர்பான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் 2019 ஜூன் மாதத்தில் கைச்சாத்திட்டது.

1993ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த தொழில்நுட்பப் பயிலுநர் திட்டம், பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பைப் பெறுவதாகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அதனை நீக்கிப் புதியதொரு முறையை 2027 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்துவதற்கான சட்டம் 2024 ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. மிக மோசமான எஜமானிடமிருந்தும் விலகிச் செல்லமுடியாதிருந்த நிலை மாறி, குறிப்பிட்ட காலத்தின் பின்னர் வேறொரு தொழிலிடத்துக்கு மாறும் உரிமை இதில் வழங்கப்பட்டுள்ளது. மொழித்தகைமைக்கு முன்னரைவிடக் கூடுதல் அழுத்தமும் கொடுக்கப்பட்டுள்ளது. சுருங்கக் கூறின், இனிமேல் ஜப்பானின் வாசலைத் திறக்கும் திறவுகோல் மொழியே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் எமது இளைஞர்கள் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் இரவுபகலாகக் காத்திருந்த காட்சியை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின்னர் ஜப்பானிய மொழி வகுப்புகள் நகரங்கள் தோறும் முளைத்தன. ஆனால், இவ்வகுப்புகளிற் பெரும்பாலானவை சிங்கள மொழி மூலமே நடைபெறுகின்றன. சந்தையிற் கிடைக்கும் இலக்கண விளக்க நூல்களும் சொற்றொகுதிகளும் பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைந்துள்ளன. உயர்தரப் பரீட்சைக்கு ஜப்பானிய மொழி ஒரு பாடமாக உள்ளது. களனி, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் அது கற்பிக்கப்படுகிறது. எனினும் வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை மாணவர் ஒருவர் இப்பாடத்தைத் தெரிவுசெய்ய விரும்பினால், கற்பிக்க ஆசிரியரைக் காண்பது மிக அரிது.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. 1880களின் இறுதியில் ஜப்பானிய பிக்குகள் இலங்கைக்கு வந்து பாளி மொழியும் தேரவாதமும் கற்றனர். அநகாரிக தர்மபாலர் 1889இல் ஜப்பானுக்குச் சென்றார். 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானிடம் நட்டஈடு கோருவதில்லையென அறிவித்தபோது ஆதாரமாகக் கொண்டதும் புத்தரின் போதனையையே. இவ்வாறு பௌத்தத்தின் வழியே வளர்ந்த உறவு சிங்கள மொழியுடன் இறுகப் பிணைந்தமை இயல்பானதே. இதில் எவர்மீதும் குற்றஞ்சுமத்துவதற்கில்லை. ஆனால், பௌத்த உறவாகத் தொடங்கியது இன்று தொழில்வாய்ப்பு உறவாக மாறியிருக்கும்போது, அதன் பலன் ஒரு மொழியினருக்கு மாத்திரம் உரியதாக நீடிப்பதை நியாயப்படுத்தவும் முடியாது.

இதில் கவலைக்குரிய முரண்பாடு ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியைக் கற்பதற்குத் தமிழ் மாணவரிடம் இயல்பாகவே சில அனுகூலங்கள் உள்ளன. பௌத்த துறவிகள் வழியாகச் சென்ற இந்திய எழுத்து முறையின் செல்வாக்கினால் ஜப்பானிய ஒலி அட்டவணை அ, இ, உ, எ, ஒ என உயிரொலிகளில் தொடங்குகிறது. அதன் மெய்வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்கிறது. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதையும் கருத்திற்கொண்டால், அரிவரி கற்ற எமது பிள்ளைக்கு இது தெரிந்த வீடாகவே தோன்றும். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. "கக்கோ நி இகிமாசு" என்பதைச் சொல்லுக்குச் சொல் "பாடசாலைக்குப் போகிறேன்" என வரிசை மாறாமற் கூறிவிடலாம். குறில், நெடில் வேறுபாடு இரு மொழிகளிலும் பொருளை மாற்றுகிறது. "ஒபசான்" என்றால் மாமி. "ஒபாசான்" என்றால் பாட்டி. பேசுபவருக்கு அருகிலுள்ளதைக் "கொரெ" எனவும், கேட்பவருக்கு அருகிலுள்ளதைச் "சொரெ" எனவும், இருவருக்கும் தொலைவிலுள்ளதை "அரெ" எனவும் ஜப்பானியர் சுட்டுவர். இது, உது, அது என்ற மூன்றையும் இன்றும் வழக்கில் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மாணவருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமே இல்லை.

இவ்வொற்றுமைகளை அடிப்படையாகக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவுண்டென வாதிட்டவர் ஜப்பானிய மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோ. அவருடன் இணைந்து பணியாற்றியவர்கள் எமது பேராசிரியர் அ. சண்முகதாசும் கலாநிதி மனோன்மணி சண்முகதாசும் ஆவர். ஓனோவின் கோட்பாட்டை மொழியியலாளரிற் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கோட்பாட்டின் முடிவு எதுவாயினும், யாழ்ப்பாணத்து அறிஞர் இருவர் ஜப்பானுக்குச் சென்று அம்மொழியின் பழம்பெரும் கவிதைத் தொகுதியான மன்யோசுவைச் சங்கப் பாடல்களுடன் ஒப்புநோக்கினர் என்பது வரலாறு. அத்தகைய தொடக்கத்தைக் கண்ட சமூகம், அடுத்த தலைமுறைக்கு ஒரு நல்ல தமிழ் - ஜப்பானிய பாடநூலைத்தானும் பரவலாகக் கிடைக்கச் செய்யவில்லை என்பது வேதனைக்குரியது.

அவ்வாறான நூலொன்று எழுதப்படுமாயின் ஒரு விடயத்தில் எச்சரிக்கை தேவை. தமிழ் எழுத்தில் ககரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. தகர, பகரங்களும் அவ்வாறே. ஜப்பானிய மொழியில் இவ்வேறுபாடு பொருளை மாற்றும். ஆகவே, தமிழ் எழுத்திலேயே எழுதி மனனம் செய்யும் பழக்கத்தைத் தவிர்த்து, முதல் வாரத்திலேயே ஹிரகானா எழுத்துகளைக் கற்றுவிடவேண்டும்.

முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை ஜப்பான் அந்நியமான நாடன்று. இலங்கையின் மாணிக்கக் கற்களுக்கு அது முக்கியமானதொரு சந்தையாக விளங்கியது. பயன்படுத்தப்பட்ட வாகன வர்த்தகத்தில் எமது நாட்டு முஸ்லிம் வர்த்தகர்கள் நீண்டகாலமாக ஈடுபட்டு வந்துள்ளனர். ஜப்பானின் முதலாவது பள்ளிவாசல் 1935இல் கோபே நகரில் அமைக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் பல மாகாணங்களில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவு விற்பனை நிலையங்களும் உள்ளன. தந்தையர் வர்த்தகத்துக்காகக் கற்றுக்கொண்ட சில நூறு சொற்களை, பிள்ளைகள் முறையான கல்வியாக மாற்றிக்கொள்வதற்கு இதுவே தருணம்.

தொழில்வாய்ப்பு என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது தவறு. ஜப்பானிய மொழி ஆற்றல் பரீட்சை என்-5 முதல் என்-1 வரை 5 படிகளைக் கொண்டது. என்-4 அல்லது அதற்கு இணையான அடிப்படை மொழிப் பரீட்சையுடன், உரிய தொழிற்றிறன் பரீட்சையிலும் சித்தியடைந்தவர் குறித்துரைக்கப்பட்ட திறன் வகையில் விண்ணப்பிக்கலாம். முதியோர் பராமரிப்புக்கு மேலதிக மொழிப் பரீட்சையொன்றும் உண்டு. இவ்வகையின் முதற் படியில் 5 ஆண்டுகள் வரையே தங்கலாம். குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. இரண்டாம் படிக்கு உயர்ந்தால் அதற்கு வாய்ப்புண்டு. மொழிபெயர்ப்பு, சுற்றுலா வழிகாட்டல், தகவல் தொழில்நுட்பம், ஜப்பானிய நிறுவனங்களின் நிர்வாகம் போன்ற துறைகளுக்கு என்-2 அல்லது அதற்கு மேற்பட்ட தேர்ச்சி பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. கலைப்பீடப் பட்டதாரிகள் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. பட்டம் பெற்றும் வீதியில் நின்று நியமனம் கோரும் எமது கலைப் பட்டதாரிகளுக்கு, பட்டத்துடன் இணைந்த ஓர் ஆசிய மொழி புதிய பாதையைத் திறக்கக்கூடும். ஜப்பானிய அரசாங்கத்தின் புலமைப்பரிசில் திட்டத்தையும் எமது மாணவர் போதியளவு பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

கலாசார நிகழ்வுகளுக்கும் தொழிலுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். ஜப்பானிய மொழியில் மரியாதை என்பது இலக்கணத்தின் ஓர் அங்கம். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைச்சொல்லே மாறிவிடும். முதியோர் இல்லமொன்றில் 90 வயது மூதாட்டியை நீராட்ட அழைக்கும் பணிப்பெண், பரீட்சைக்கு மனனம் செய்த வாக்கியத்தால் அவரது நம்பிக்கையைப் பெற்றுவிட முடியாது. பேச்சுப் போட்டி மேடையும் கலாசார விழாவின் கூடாரமும்தான் எமது மாணவர் உயிருள்ள ஜப்பானியரிடம் அம்மொழியைக் கேட்டுப் பேசிப் பழகும் இடங்கள். அங்கு செல்லாத மாணவர், நீச்சலை நூலில் மாத்திரம் படித்தவருக்கு ஒப்பாவார்.

வாய்ப்புள்ள இடத்தில் வஞ்சகமும் இருக்கும். சில மாதங்களுக்கு முன்னர் கிழக்கு மாகாணத்திலிருந்து தந்தையொருவர் எம்மைத் தேடி வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து, மகனின் பெயரை ஒரு நிறுவனத்தில் பதிவு செய்திருந்தார். 6 மாத வகுப்பு முழுவதும் சிங்களத்தில் நடைபெற்றது. விளக்கம் புரியாத மகன் பரீட்சையில் தவறினார்; கட்டிய பணம் திரும்பவில்லை. "பிள்ளைக்கு ஜப்பான் மொழி கஷ்டமில்லை ஐயா, சொல்லித்தந்த மொழிதான் கஷ்டம்" என்று அவர் கூறியது இன்னும் செவியில் ஒலிக்கிறது.

மாணவர் விசாவில் செல்வோரும் சிந்திக்கவேண்டும். அங்கு பாடசாலைத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 28 மணித்தியாலங்கள் மாத்திரமே வேலை செய்ய அனுமதியுண்டு. அந்த வருமானத்தில் கடனையும் கட்டணத்தையும் செலுத்தமுடியாமற் படிப்பைக் கைவிடுவோர் வதிவிட உரிமையையும் இழக்கின்றனர். 2017இல் மாணவியாகச் சென்று, பின்னர் அவ்வுரிமையை இழந்த 33 வயது இலங்கைப் பெண்ணொருவர், நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உரிய மருத்துவக் கவனிப்பின்றி 2021 மார்ச் 6ஆம் திகதி உயிரிழந்தமை ஜப்பானிய மக்களின் மனச்சாட்சியையே உலுக்கிய சம்பவமாகும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரா என்பதை உறுதிசெய்யாமல் ஒரு சதமேனும் கொடுத்தலாகாது. குறித்துரைக்கப்பட்ட திறன் திட்டத்தில் பிணைப்பணம் பெறுவது ஜப்பானியச் சட்டத்துக்கு முரணானது என்பதையும், அதே தொழிலைச் செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத ஊதியம் வழங்கப்படவேண்டும் என்பதையும் ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விடயத்தில் சம்பந்தப்பட்ட தரப்பினர் ஆற்றவேண்டிய பணிகள் மலையளவானவை அல்ல. கல்வியமைச்சு மாகாணத்துக்கு ஒரு சில பாடசாலைகளையேனும் தெரிவுசெய்து, தமிழ் தெரிந்த ஜப்பானிய மொழி ஆசிரியர்களை உருவாக்க வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்கள் இம்மொழியைத் தேர்வுப் பாடமாக முறையாக வளர்ப்பது பற்றி ஆராயலாம். போருக்குப் பின்னர் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணிக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மேம்பாட்டுக்கும் உதவிய ஜப்பான், தனது கலாசார நிகழ்வுகளில் ஒன்றையேனும் ஆண்டுக்கொருமுறை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ நடத்துமாறு கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கையன்று. பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விழாக்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், தமிழ் விளக்கத்துடன் கூடிய பாடநூலொன்றை ஓராண்டுக்குள் வெளியிட முடியும்.

எமது இளைஞர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்பது எமது விருப்பமன்று. ஆனால், செல்வோர் மொழியறியாக் கூலிகளாகச் செல்வதற்கும் மொழியறிந்த தொழில்வல்லுநர்களாகச் செல்வதற்கும் இடையிலான வேறுபாடு பாரதூரமானது. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது இங்கே, எமது வகுப்பறைகளில், எந்த மொழியில் விளக்கம் கிடைக்கிறது என்பதே. அடுத்த பேச்சுப் போட்டியின் பெயர்ப்பட்டியல் எமது மேசைக்கு வரும்போது எம்மவர் பெயர்களைத் தேடிப்பிடிக்கும் நிலை இருக்கலாகாது. அதற்கான பணி இன்றே தொடங்கப்படவேண்டும்.