சுழலும் பீடமும் சோம்பேறிப் பட்டமும்

"பொத்தானை அழுத்தினான், சனியைக் கண்டான். இவனும் ஒரு வானநூல் மாணவனா?" இப்படிக் கேட்கிறார்கள் சிலர், உதட்டிலே ஏளனம் நெளிய. கேட்பவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் விழித்து, விண்மீன் படத்தை மடியில் விரித்து, மங்கிய சிவப்பு விளக்கொளியில் அதைப் பார்த்துப் பார்த்து, வானத்திலே வழி கண்டவர்கள். அவர்தம் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால், பட்ட பாட்டையே பட்டயமாக்கி, 'எங்களைப்போல் இடர்ப்பட்டவனுக்கே வானம் சொந்தம். எளிதிலே கண்டவன் சோம்பேறி' என்று சட்டம் இயற்ற முற்படுகிறார்களே, அந்தச் சட்டத்தை நாம் மறுக்கிறோம். மறுக்காதிருப்பது குற்றம் என்றும் கருதுகிறோம்.

எதன்மீது இந்தச் சீற்றம்? தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் பீடத்தின்மீது! பீடம் என்றதும் பீடாதிபதிகள் நினைவுக்கு வந்திடக்கூடும். நாம் கூறும் பீடம், ஆடாமல் அசையாமல் வீற்றிருந்து அருள்வாக்கு வழங்குவதல்ல. மோட்டாரும் பல்சக்கரமும் கொண்டு, கணினியின் கட்டளைப்படி சுழன்று வேலை செய்வது. மவுண்ட் என்று அதற்குப் பெயர். நாள், நேரம், இடம் மூன்றையும் சொல்லி, தெரிந்த விண்மீன் இரண்டை அடையாளம் காட்டிவிட்டால் போதும். நாம் கேட்கும் பொருள் அந்த நொடியில் எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, தொலைநோக்கியை அங்கே திருப்பி நிறுத்தும். நிறுத்திவிட்டு ஓய்ந்திடாது, பின்தொடரும்.

பின்தொடர்வானேன்? நாம் நிற்கும் நிலம் நிற்கவில்லையே! 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகின்றன. நிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை; தன் அகலத்தளவு தூரத்தை அது இரண்டே நிமிடத்தில் கடந்துவிடுகிறது. உருவைப் பெரிதாக்கிக் காட்டும் குழலிலே இந்த ஓட்டமும் பெரிதாகிறது. வியாழனைப் பிடித்தோம் என்று மகிழ்ந்து, அருகிலிருப்பவனை அழைத்து, அவன் வந்து குனிவதற்குள் வியாழன் விளிம்பைத் தாண்டிவிடும். கண்ணுக்கே இந்தக் கதி என்றால், நிமிடக்கணக்கில் திறந்து வைத்திடும் படக்கருவிக்கு? புள்ளியாக விழவேண்டிய விண்மீன், கோடாக இழுபட்டுப் போகும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து தேடியது நேற்றோ இன்றோ அல்ல. செருமனியிலே ஜோசப் பிரான்ஹோபர் என்றொரு சிறுவன். கண்ணாடித் தொழிலாளியின் மகன். பதினோரு வயதிலே பெற்றோரை இழந்து, மியூனிக் நகரில் கண்ணாடிப் பட்டறையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தான். படிக்க ஆசைப்பட்டான், முதலாளி தடுத்தார். 1801-இல் பட்டறை வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டான். இரக்கம் கொண்ட ஆட்சியாளர் அளித்த பணத்தில் நூல்களும் கருவிகளும் வாங்கினான். ஏடு தொடாதே என்று தடுக்கப்பட்ட அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, 1824-இல், இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் தோர்ப்பாத் நகருக்கு ஒரு மாபெரும் தொலைநோக்கி செய்து தந்தார். அதன் பீடத்திலே ஓர் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருந்தது. எடைக்கல்லால் ஓடும் கடிகாரப் பொறி அந்த அச்சைச் சுழற்ற, குழல் விண்மீனைத் தானே பின்தொடர்ந்தது.

'கடிகாரம் சுழற்றுகிறது, நமக்கென்ன வேலை' என்று அங்கிருந்த வானியலார் வில்ஹெல்ம் ஸ்துரூவ கைகட்டி நின்றாரா? இல்லை! ஒரு லட்சத்து இருபதாயிரம் விண்மீன்களை ஆராய்ந்து, 3,000-க்கு மேற்பட்ட இரட்டை விண்மீன்களின் பட்டியலை 1827-இல் வெளியிட்டார். கை ஓய்ந்தது, அதனால் கண் உழைத்தது. பொறி பளுவைத் தூக்கியது. அதனால் அறிவு தலைதூக்கியது. சோம்பேறிப் பட்டம் சூட்டுவோர், இந்தப் பட்டியலுக்கு என்ன பெயர் சூட்டுவர்?

பெரிய கூடங்களைத்தான் பார்ப்போமே! கலிபோர்னியாவில் பாலோமார் மலைமீது 1948 முதல் நிற்கும் 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கியில், அந்நாளில் அறிஞர் குழலின் உச்சியில் உள்ள கூண்டுக்குள் அமர்ந்து, குளிருக்கு அஞ்சி மின்சாரத்தால் சூடேற்றிய உடை அணிந்து, இரவெல்லாம் விண்மீன் விலகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பீடமும் பிரான்ஹோபர் வழியில் பூமியின் அச்சோடு ஒத்துச் சுழல்வது. பிறகு, 1975-இல், காகசஸ் மலையில் சோவியத் நாட்டார் 6 மீட்டர் தொலைநோக்கியை அமைத்தபோது, சாய்ந்த அச்சை விட்டொழித்தனர். பீரங்கிபோல், பக்கவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என இரண்டே அசைவுகள் கொண்ட எளிய பீடம். ஆனால் அந்த இரண்டு அசைவின் வேகமும் நொடிக்கு நொடி மாறவேண்டும். கையால் ஆகாது, கடிகாரத்தால் ஆகாது. கணினியால் ஆயிற்று. ஹவாய்த் தீவிலே 10 மீட்டர் கெக் தொலைநோக்கியும் அதே வழியைத்தான் பின்பற்றியது.

அந்தக் கணினிதான் பின்னர் சிறு தொலைநோக்கிக்கும் இறங்கி வந்தது. 1987-இல் செலஸ்ட்ரான் நிறுவனத்தின் காம்புஸ்டார், 1992-இல் மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ் 200. அதன் பிறகு வந்தவை எத்தனையோ. நாம் கேட்கிறோம்: மலையுச்சியிலே கோடி கோடியாகக் கொட்டி அமைத்தால் அது விஞ்ஞானம், மொட்டை மாடியிலே ஓர் இளைஞன் வைத்தால் அது சோம்பேறித்தனமா? ஒரே கணக்கு, ஒரே வானம். நீதி மட்டும் இரண்டா?

'படம் பார்த்து, விண்மீனுக்கு விண்மீன் தாவி, தேடிக் கண்டுபிடிப்பதிலேதான் இன்பம்' என்கின்றனர். இன்பந்தான், மறுப்பாரில்லை. ஆனால் தாவிச் செல்ல விண்மீன் வேண்டாமா? விளக்கு வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில், கண்ணுக்குத் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில. அவற்றைப் பற்றிக்கொண்டு மங்கலான ஒரு முகிற்படலத்தைத் தேடுவது எங்ஙனம்? பகலெல்லாம் உழைத்துவிட்டு, உறங்குமுன் ஒரு மணி நேரமே வாய்க்கப்பெற்ற தொழிலாளி, அந்த மணியைத் தேடலிலே தொலைத்திடத்தான் வேண்டுமா? கழுத்தை வளைத்து, முழங்கால் மடக்கிக் குழலோடு மல்லாட இயலாத முதியவருக்கும், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் வானம் விலக்கா? பாதை கடினம் என்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அந்தப் பாதையில் நுழையவே முடியாமல் நின்றுவிட்டவர்களை எண்ணிப் பார்த்ததுண்டா? 'தகுதி', 'தகுதி' என்று வாயில் காத்தவர்களின் குரல் நமக்குப் புதிதல்ல. ஏடு தொட ஒரு தகுதி, எழுத்து அறிய ஒரு தகுதி என்று கேட்ட குரல் அது. இப்போது வானத்துக்கும் வாயில் வைக்கப் பார்க்கிறது!

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் ஜான் டாப்சன். கலிபோர்னியாவில் வேதாந்த மடத்திலே துறவியாக இருந்தவர். தூக்கி எறியப்பட்ட கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழலிலே பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியிலே ஏற்றி, தெருவிலே கொண்டுவந்து வைத்து, போவோரை வருவோரை அழைத்துக் காட்டினார். மடத்தோடு பிணக்கு மூண்டது, 1967-இல் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து, நடைபாதை வானியலார் என்றொரு குழுவைச் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். மோட்டாரும் இல்லை, கணினியும் இல்லை அவர் பீடத்தில், உண்மை. 'பார், டாப்சன் பொத்தானை அழுத்தவில்லை' என்று வாதிடுகிறார்கள். டாப்சன் வாழ்வின் பொருள் பலகையிலா இருக்கிறது? குறைந்த செலவிலே, கிடைத்த பொருளைக் கொண்டு, யாவருக்கும் வானத்தைத் திறந்துவிட்டாரே, அதிலன்றோ இருக்கிறது! இன்று அவர் பெயர் தாங்கிய பெட்டிப் பீடத்திலேயே கணினி பூட்டி விற்கிறார்கள். அதனால் நடைபாதையில் வரிசை நீளுமேயன்றி, குறையாது.

'காண்பது எளிதாகிவிட்டால் கண்டுபிடிப்பு ஏது?' என்றும் ஒரு கேள்வி. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைவிட அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மண்டலம் வேறு உண்டோ என்னும் அளவுக்கு அது பழகிய பொருள். அதன் அருகிலே, ஆக்சிஜன் ஒளிரும் மிகப் பெரிய வில் ஒன்று, ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. கண்டவர் யார்? பிரான்சிலும் செருமனியிலும் உள்ள, வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள். சிறு தொலைநோக்கியால், இரவு மேல் இரவாக, மொத்தம் நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்து எடுத்த படத்திலே! 2023-இல், வானியல் அறிஞர்களும் உடன் நின்று, உலகுக்கு அறிவித்தனர். இத்தனை இரவிலும் அதே இடத்துக்குப் பிசகாமல் திரும்பி வந்து, விண்மீனைப் புள்ளியாக நிறுத்திக் காட்டும் வேலையைக் கைக்கு விட்டிருந்தால், அந்த வில் இன்றும் இருளில்தான் கிடந்திருக்கும்.

இனி, நம்மவர்க்கு ஒன்று கூறவேண்டும். பொத்தானைப் பழிப்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை பொத்தானை மந்திரமாக்குவதும். அழுத்தினேன், வந்தது, ஏன் என்று கேட்கமாட்டேன் என்பவன், மடத்தை விட்டு வெளியேறி இயந்திரத்தைக் கும்பிடுகிறவன். கருவி, கேட்பவனுக்குக் காரணம் சொல்லும். மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கேட்கும் கருவியிடம், நம் வழக்கப்படி நாளை முதலில் தந்துவிட்டால், அது வேறொரு நாளின் வானத்தைத் தேடி ஓடும். நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதைச் சொல்ல மறந்தால், சனி இருக்குமிடத்தில் வெற்றுவெளியைக் காட்டும். அப்போது சினந்து பயனில்லை. அக்கணக்கை அறிந்தவனுக்கே அது வேலை செய்யும்.

சாதகம் கணிப்போரும் இதே மூன்றைத்தான் கேட்கிறார்கள்: நாள், நேரம், இடம். கணினிகூட அவர்களிடமும் உண்டு. அச்சிட்டுத் தருகிறார்கள், அழகழகாக. வேறுபாடு எங்கே? இங்கே கணக்கு முடிந்ததும், 'குழலிலே கண்ணை வை' என்கிறது கருவி. சனி தெரிந்தால் கணக்குச் சரி. தெரியாவிட்டால் கணக்குத் தவறு, திருத்திக்கொள். அங்கே கண்ணை வைத்துச் சரிபார்க்கக் குழல் ஏது?

அது மட்டுமா? எந்தப் பல்சக்கரமும் பழுதின்றி அமைவதில்லை. பீடத்தை நகர்த்தும் திருகுச் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சற்று முந்தும், சற்றுப் பிந்தும். ஆகவே படம் எடுப்போர் இன்னொரு சிறு படக்கருவியை அருகில் பொருத்தி, ஒரே விண்மீனை நோக்க வைக்கிறார்கள். விண்மீன் இம்மியளவு விலகியதும், 'பிசகினாய்' என்று அது பீடத்துக்குச் சொல்லும், பீடம் திருத்திக்கொள்ளும். சில நொடிக்கு ஒருமுறை தன் பிழையைத் தேடித் திருத்திக்கொள்ளும் பீடம்! இப்படியொரு பீடாதிபதியை எவரேனும் கண்டதுண்டா?

குறை இல்லையா எனில், உண்டு. விலை, ஏழை மாணவனின் கைக்கு இன்னும் எட்டவில்லை. அந்தக் குறைக்கு மாற்று, ஏளனம் அல்ல, ஏற்பாடு. அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநில வானியல் கழகத்தார், 2008 முதல், நூலகங்களுக்குத் தொலைநோக்கி அளித்து, நூலை இரவல் தருவதுபோல் அதனையும் தர வகை செய்தனர். பீடத்தை இயக்கும் கட்டளைகளை எழுதி, மறைக்காமல், எவரும் எடுத்தாளலாம் எனத் திறந்து வைத்துள்ள ஆன்ஸ்டெப் போன்ற திட்டங்களும் உண்டு. சிறு மின்பலகையும் இரண்டு மோட்டாரும் கிடைத்தால், பழைய பீடத்துக்கும் உயிர் ஊட்டலாம். ஊருக்கு ஒரு நூலகம் கேட்டோம்; நூலகத்துக்கு ஒரு தொலைநோக்கியும் கேட்போம். பள்ளியின் அலமாரியிலே பூட்டிக் கிடக்கும் கருவியை மொட்டை மாடிக்கு ஏற்றுவோம். மோட்டாரைப் பூட்டும் மாணவனும், கட்டளையை எழுதும் மாணவியும், முதன்முதலாகச் சனியின் வளையத்தைக் காணும் கிழவியும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

எவ்வளவு பாடுபட்டுக் கண்டாய் என்று எந்த விண்மீனும் கேட்பதில்லை. கேட்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு நம் விடை இதுதான்: நீங்கள் வந்த வழியை மூடவில்லை; இன்னொரு வழியைத் திறந்திருக்கிறோம். வருவோர் வரட்டும், காண்போர் காணட்டும், கணக்கைக் கேட்போர் கேட்கட்டும்!